பன்னிரண்டாவது படம்

ஏகாம்பரத்தின் தலையை ஒரு நீலக் கோட்டுச் சட்டையின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் இந்து. தலை பெரிதாக இருந்தது. மவுஸால் இழுத்துச் சிறிதாக்கினாள். அப்போதும் பொருந்தவில்லை.

"கய்த்து எங்க காணோம்?" என்றார் பின்னால் நின்ற பெரியப்பா பாண்டுரங்கன்.

"டை மறைச்சிக்கினு கீது பெரியப்பா."

"சரி, டை இருக்கட்டும். மூஞ்சிக்குக் கொஞ்சம் கலர் ஏத்து."

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த அந்த ஸ்டுடியோவின் கணினியில் இறந்தவர்களுக்கென்றே எட்டுக் கோட்டுகள் இருந்தன. ஆயுசு முழுக்க வேட்டி துண்டோடு கழித்தவர்கள்கூட, செத்த அன்று கோட்டு மாட்டிக்கொண்டு, பின்னால் மலையும் அருவியுமாக ஆறடி பிளெக்ஸில் நிற்பார்கள். ஐந்து வருடமாகச் சுற்று வட்டாரத்தில் பாதிப் பேருக்குக் கோட்டு மாட்டியவள் இந்துதான். இன்று அவள் அப்பாவின் முறை.

காலையில் வேப்பங்குச்சியோடு வாசலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. பிளெக்ஸைக் காஞ்சிபுரம் போய் அடித்து வர வேண்டும். அதற்குள் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும்; அந்த வருடம் தினமும் இரண்டு மணி நேரம் அப்படித்தான். துக்கத்துக்கு வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது, ஸ்டுடியோ முதலாளி ஜெகன் தயங்கித் தயங்கி நிற்பதைப் பார்த்து இந்து எழுந்து வந்தாள். "எங்க நைனாவ நானே செய்றேண்ணா" என்றாள்.

இப்போது கோட்டுப் போட்ட நைனா திரையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். யாருடைய கோட்டையோ திருடிப் போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டவரைப் போல இருந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

ஏகாம்பரம் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டர். இருபத்திரண்டு வருடம் மாலை ஐந்து மணிக்கு வால்வைத் திறந்தவர். குழாயடியில் ஊரே வரிசையில் நிற்கும், அங்கம்மாளைத் தவிர. அவள் கடைசியாக வந்து முதல் குடம் வைப்பாள். "அங்கம்மா, வரிசைல வா!" என்று இவர் அதட்டுவார். அதட்டும்போதே சிரிப்பு வந்துவிடும். "அட, போய்யா" என்று அவள் குடம் நிரம்பியதும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு போவாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் முண்டுவார்கள். மனுஷனுக்கு அது ஒன்றுதான் குறை.

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்துவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர் கணினியில் ஒரு படத்தைப் பார்த்தார். யாரோ வெளிநாட்டுக் கிழவர். நிறமெல்லாம் வடிந்து சாம்பலும் கறுப்புமாக, சுருக்கங்கள் உளியால் வெட்டியது போல, கண் மட்டும் பளபளவென்று இருந்தது. இணையத்தில் கிடைத்த அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி செய்யப் பழகிக்கொண்டிருந்தாள் இந்து.

"யாரும்மா இது? பெரிய ஆளா?"

"மீன் புடிக்கிறவராம் நைனா."

"மீன் புடிக்கிறவனுக்கே இம்மாங் கெத்தா! எனுக்கும் இது மாரி ஒண்ணு போடு. கொயாயாண்ட மாட்டுறேன். ஒருத்தியாவது பயப்படட்டும்."

விளக்கைப் போட்டு உட்காரவைத்துப் பதினோரு படம் எடுத்தாள். பதினொன்றிலும் சிரிப்பு. "மொறைக்கணும் நைனா" என்றால் இன்னும் அதிகமாகச் சிரித்தார். பன்னிரண்டாவதற்கு அவள் கேமராவைத் தூக்கியபோது அவர் முகம் சட்டென்று மாறியது. புருவம் நெரிந்தது. தாடை இறுகியது. பார்வை நேராக வந்து துளைத்தது. அழுத்திவிட்டாள்.

"ஐயையோ, மோட்டார நிறுத்தாம வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே அவர் சைக்கிளை நோக்கி ஓடினார். அன்று தொட்டி வழிந்து, தெருவில் வாத்து மேய்ந்தது.

அதன் பிறகு தினமும் கேட்டார், "என் படம் ஆச்சாம்மா?" கல்யாண ஆல்பங்கள் குவிந்துகிடந்தன. "நாளைக்கு நைனா" என்பாள். நேற்றும் அதையேதான் சொன்னாள். அந்த நாளைக்கு இன்றைக்கா வரவேண்டும்?

கோட்டை அழித்தாள். பன்னிரண்டாவது படத்தைத் திறந்தாள்.

"இன்னாம்மா இது? இப்பிடிக் கறுப்பா கீறான்? நாலு பேரு பாக்குற எடத்துல..."

"நைனா கறுப்புதான பெரியப்பா."

"மணி பதினொண்ணேகால். வெளாடிக்கினு இருக்காத."

முதலில் ரோஸ் சட்டையின் நிறம் வடிந்தது. முழுக்க எடுத்துவிடாமல், வெளுத்துப்போன துணியில் நிற்கிற அளவுக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்தாள். அதே படத்தை இன்னொரு அடுக்காக மேலே போட்டு விளிம்புகளை மட்டும் கூர்மையாக்கினாள். இருபத்திரண்டு வருட வெயில் முகத்தில் கோடு கோடாக எழுந்தது. இத்தனை நாள் ஊரார் சுருக்கங்களை அழித்தே சம்பளம் வாங்கியவள், இன்று ஒவ்வொன்றாகத் தேடிப்போய் ஆழமாக்கினாள். முள்ளுத் தாடியின் வெள்ளை முடிகளை எண்ணிவிடலாம் போல் இருந்தது. நெற்றியில் வால்வுச் சாவி பட்ட வடு தெரிந்தது. நான்கு மூலைகளையும் இருட்டாக்கினாள். கடைசியாகக் கண்ணுக்கு மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் வைத்தாள்.

திரும்பிப் பார்த்தாள். பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"என் தம்பியா இது?" என்றார் மெதுவாக. "இன்னாத்த நெனச்சிக்கினு இப்பிடிப் பாத்தானோ... மகான் மாரி கீறான்."

இந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். மோட்டாரைப் பற்றி மூச்சுவிடவில்லை.

கரண்ட் போக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜெகன் பென்டிரைவை வாங்கிக்கொண்டு பைக்கைக் கிளப்பினான். மூன்றரைக்கு பிளெக்ஸ் வந்து, தெருமுனையில், குழாயடிக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியின் கால்களில் கட்டப்பட்டது. மேளக்காரர்கள் அதைப் பார்த்து ஒரு நொடி அடியை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார்கள். அம்மா ராணியம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"யோவ், இந்த மூஞ்ச இத்தினி நாளா எங்கய்யா ஒளிச்சி வெச்சிருந்த? அப்பவே காட்டியிருந்தா நானும் கொஞ்சம் அடங்கி நடந்திருப்பனே!"

ஒப்பாரி வைத்த பெண்களே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இந்துவின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். வீடு கழுவத் தண்ணீர் இல்லை. திறக்கிற ஆள் போய்விட்டதால் ஐந்து மணி ஆகியும் யாரும் வால்வைத் தொடவில்லை. தொட்டி மட்டும் நிறைந்திருந்தது. நேற்று சாயங்காலம் அவர் ஏற்றிவைத்தது. ஆணியில் தொங்கிய வால்வுச் சாவியை எடுத்துக்கொண்டு இந்துவே போனாள்.

குழாயடியிலிருந்து கோயில் வரை குடங்கள் நின்றன. காலையில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுத அங்கம்மாள், வீங்கின கண்ணோடு கடைசியாக வந்தாள். வந்த வேகத்தில் இரண்டு குடங்களையும் குழாய்க்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். அதட்ட ஆளில்லை. இந்து சாவியைப் போட்டுத் திருப்பினாள். குழாய் இரண்டு முறை இருமியது.

அங்கம்மாள் நிமிர்ந்தாள். மேலே பிளெக்ஸிலிருந்து ஏகாம்பரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளும் பார்த்தாள். இழுத்துச் செருகியிருந்த முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். பிறகு குனிந்து இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள்.