கிணற்றைத் தொட்டவள்

பின்கட்டு அறையிலிருந்து வெளியே வைத்திருந்த வாளிகளைப் பார்த்ததும் பங்காரு நின்றுவிட்டாள். உள்ளே இருந்த மலம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. நேற்றும் இப்படித்தான். நேற்று ஒரு வாளி, இன்று இரண்டு.

அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவள் அக்காவும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில் போனார்கள். காலையில் வாளி, சாயங்காலம் பாடை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷத்து ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. அரக்கோணத்துப் பக்கமிருந்தும் ரேணிகுண்டா பக்கமிருந்தும் வந்த ரயிலெல்லாம் காவடிகளைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. திருத்தணி மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சத்திரத்தில் கால் வைக்க இடமில்லை. பங்காரு அங்கே கக்கூஸ் சுத்தம் செய்கிறவள். சத்திரத்துக்குப் பின்னால், சத்திரத்து நிலத்திலேயே, அவளுக்கும் புருஷன் கஜபதிக்கும் ஒரு குடிசை.

"இன்னா பாத்துகினு நிக்கிற?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சத்திரத்து மேனேஜர் ஜம்புலிங்கம்.

"சாமி, இது வாந்திபேதி சாமி."

"அஜீரணம். கண்டதத் தின்னுட்டு வந்து படுத்துக்கினு இருக்கான்."

"விடிகாலையில வண்டியில ஒருத்தர ஏத்தினீங்களே, துணியால முழுக்கப் போத்தி..."

ஜம்புலிங்கம் இரண்டடி கிட்டே வந்தார். எப்போதும் அவளிடமிருந்து தள்ளி நின்று பேசுகிற மனுஷர் கிட்டே வந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து தர்மகர்த்தாங்க வராங்க. பேதின்னு பேர் வந்திச்சின்னா சத்திரத்த இழுத்துப் பூட்டிடுவான். நீ வாயத் தொறந்தே, அந்தக் குடிசைல நாளைக்கு நீ இல்ல. பித்தளை அண்டா ரெண்டு காணோம்னு போலீசுல ஒரு வார்த்த சொன்னா போதும், புரியுதா?"

"ஆங், சாமி."

அவர் போனார். வாளிகளைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பியபோது கிணற்றடி கண்ணில் பட்டது. நோயாளியோடு வந்திருந்த ஓர் ஆள் கறைபட்ட வேட்டியைக் கிணற்று மேடையிலேயே போட்டு அலசிக்கொண்டிருந்தான். அலசின தண்ணீர் கல் இடுக்கு வழியாக மறுபடி கிணற்றுக்குள் சொட்டியது. பக்கத்திலேயே நான்கு பேர் குடிக்கத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்கள்.

பங்காருவுக்குக் காதுக்குள் ஞாயிற்றுக்கிழமை கேட்டது திரும்ப ஒலித்தது. சேரியிலிருந்த கூரை வேய்ந்த கிறிஸ்தவக் கோயிலில் உபதேசியார் தேவசித்தம் எசேக்கியேல் தீர்க்கதரிசியைப் படித்துச் சொன்னார். ஊருக்கு ஒரு காவல்காரன் இருக்கிறான். எதிரி வருவதைப் பார்த்தும் அவன் கொம்பு ஊதாமல் இருந்துவிட்டால், செத்துப்போகிறவர்களின் பழியை ஆண்டவர் அவன் கையிலேதான் கேட்பார். அன்றைக்கு அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள். அதெல்லாம் ராஜாக்களுக்கும் பெரிய மனுஷர்களுக்கும் சொன்னது, நம்மை யார் காவலுக்கு வைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது இந்த ஊரில், ஜம்புலிங்கத்தை விட்டால், இதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

குடிசைக்கு ஓடி கஜபதியிடம் சொன்னாள். அவன் எழுந்து கதவுத் தட்டியைச் சாத்தினான்.

"உனக்கு இன்னா பைத்தியமாமே? நாம வேதக்காரங்க. முருகன் திருநாள் நேரத்துல நீ போயி பேதின்னு கத்தினா இன்னா சொல்லுவாங்க? சாமிக்கு ஆவாதவ கிளப்பிவிட்ட கத அப்பிடிம்பாங்க. குடிசையோட வச்சிக் கொளுத்துவாங்க."

"தெரியும் பாவா."

"தெரிஞ்சிகினு?"

"ஆண்டவரு பழிய என் கையில கேப்பாராமே பாவா. அவருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

கஜபதி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவள் சரவணப் பொய்கைப் பக்கம் போனாள். அங்கே சுகாதார இன்ஸ்பெக்டருக்கு ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். வழியெல்லாம் ஜம்புலிங்கத்தின் ஆள் யாராவது பார்க்கிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கொட்டகை வாசலில் நின்ற போலீஸ்காரர் அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்ததும் கையை வீசினார். "அய்யா ரயிலடிக்குப் போயிக்கிறாரு. சாயங்காலம் வந்து பெருக்கு, போ."

"பெருக்க வரலீங்க. ஒரு சேதி..."

"போன்னா போ!"

அவளுக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. வந்து பார்த்தேன், அவர் இல்லை, நான் என்ன செய்ய முடியும்? அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே சத்திரத்துக்குத் திரும்பினாள்.

சத்திரத்து முற்றத்தில் அம்மையார்குப்பத்திலிருந்து புதிதாக ஒரு காவடிக் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. பம்பையும் உடுக்கையும் அதிர்ந்தன. கிணற்றடியில் மஞ்சள் புடவை கட்டின ஒரு பெண் தண்ணீர் சேந்தி இறக்கினாள். அவள் இடுப்பில் மொட்டையடித்துச் சந்தனம் பூசின ஒரு பெண்குழந்தை. "சீக்கிரம் குடுத்துட்டு வா கன்னியம்மா" என்று கூட்டத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். குழந்தை குவளையை எட்டி எட்டிப் பிடித்தது.

பங்காரு எப்போதும் நிற்கிற தூரத்தில் நின்றே கத்தினாள். "குடுக்காதீங்கம்மா! தண்ணியில பேதி கண்டுக்குது!"

பம்பைச் சத்தத்தில் அது எடுபடவில்லை. காதில் விழுந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். துடைப்பத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சத்திரத்து வாசலில் ஜம்புலிங்கம் வந்து நின்று அவளையே பார்த்தார். "ஆண்டவரே, என்னால ஆவாது" என்று பங்காரு முனகினாள். முனகிக்கொண்டே துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

பிறகு ஓடினாள். பிறந்ததிலிருந்து ஒருநாளும் கால் வைக்காத அந்தக் கிணற்று மேடையில் ஏறி, கன்னியம்மாளின் கையிலிருந்த குவளையைத் தட்டிவிட்டு, ராட்டினக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டுட்டேன்!" என்று அலறினாள். "நான் கக்கூஸ் வார்றவ. கயித்தத் தொட்டுட்டேன், வாளியத் தொட்டுட்டேன். இனிமே இந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க!"

பம்பை நின்றது.

முதல் அடி கன்னியம்மாளுடையது. அடுத்து யார் யார் அடித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. முதுகிலும் தோளிலும் விழுந்தது. "தோட்டிச்சிக்குத் திமிரப் பாரு!" என்றான் ஒருவன். ஜம்புலிங்கம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவளை மேடையிலிருந்து உதைத்துத் தள்ளினார். அவள் கயிற்றை விடவில்லை. விட்டால் யாராவது சேந்திவிடுவார்கள் என்பது ஒன்றுதான் அப்போது அவள் மனசில் இருந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்தது.

"நிறுத்துங்கப்பா!" காவடிக் கூட்டத்தின் தலைவர் ஜெகநாதன் குறுக்கே வந்தார். நெசவுக்காரர், நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து காவடி எடுத்து வந்தவர். "மால போட்டுகினு ஒரு பொம்பளய அடிக்கிறீங்களே, இதுக்கா விரதம் இருந்தோம்?"

அவர் பங்காருவைத் தொடவில்லை. ஆனால் அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"ஏம்மா தொட்டே?"

"பின்கட்டு ரூம்ல பேதிங்க நைனா. ஒருத்தர் செத்தாச்சு. அந்தத் துணிய இங்கதான் அலசினாங்க. சொன்னா யாரும் கேக்கல. தொட்டா குடிக்க மாட்டீங்க இல்ல?"

ஜெகநாதன் எழுந்தார். "மேனேஜரே, அந்த ரூம தொறங்க."

"திருட்டுக் கழுத. அண்டா திருடினது தெரிஞ்சிபோச்சுன்னு..."

"தொறங்கன்னேன்."

திறக்கவே வேண்டியிருக்கவில்லை. கதவருகே போனதும் நாற்றம் சொல்லிவிட்டது. தள்ளிப் பார்த்தால் உள்ளே இரண்டு பேர், கண் குழிவிழுந்து, கை விரலெல்லாம் சுருங்கிக் கிடந்தார்கள். கன்னியம்மாள் குழந்தையின் வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து, "ஒரு வாய் குடிச்சிடுச்சே முருகா, ஒரு வாய் குடிச்சிடுச்சே" என்று அழ ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டரைக் கூட்டிவர ஜெகநாதன் இரண்டு ஆட்களை ரயிலடிக்கு ஓடவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்றில் மருந்தைக் கொட்டி முள் போட்டு அடைத்தார். அன்றைக்கே ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கெல்லாம் ஊசி போட ஏற்பாடாயிற்று. நோயாளிகள் இரண்டு பேரில் ஒருவர் சாயங்காலமே இறந்தார். அந்தச் சத்திரத்தில் தங்கினவர்களில் இன்னும் ஏழு பேருக்குக் கண்டு, மூன்று பேர் போனார்கள். ஊருக்குள் பரவவில்லை. கிருத்திகை நடந்தது, மலை முழுக்க அரோகரா கேட்டது. கன்னியம்மாளின் குழந்தை என்ன ஆயிற்று என்று பங்காருவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கூட்டம் அன்றைக்கே வேறு இடத்துக்குப் போய்விட்டது.

தர்மகர்த்தாக்கள் வந்து விசாரித்து ஜம்புலிங்கத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். கிணற்றைத் தீட்டுப்படுத்தினதற்காகப் பங்காருவையும் நீக்கினார்கள். குடிசையைக் காலி செய்யச் சொன்னார்கள்.

மூட்டை கட்டும்போது உபதேசியார் தேவசித்தம் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார்.

"எனக்கு இன்னும் நடுங்குதுங்க அய்யா" என்றாள் பங்காரு. "சொன்னபடி செஞ்சிட்டா பயம் பூடும்னு நெனச்சேன். பூடல."

"நான் வாசிச்சேன், அவ்வளவுதாம்மா. அந்தக் கிணத்துமேல நான் ஏறியிருப்பேனான்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன். ஏறியிருக்க மாட்டேன்" என்றார் உபதேசியார். ஜெபம் பண்ணினார்.

ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் கஜபதியின் சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வழி முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. போன பிறகும் பேசவில்லை. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் பங்காரு திடுக்கிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றாள். போலீஸ் வருமோ, ஜம்புலிங்கத்தின் ஆள் வருவானோ என்று சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் கஜபதி ஒரு கொட்டாங்கச்சியில் விளக்கெண்ணெய் எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

"அடி எங்கெங்கமே பட்டுச்சு?" என்றான்.

அவள் முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள்.