தலைவருக்கு மருத்துவர் யார்?

மார்ச் பதினான்காம் நாள், சனிக்கிழமை. காலை முதல் விடாத தூறல், காற்று இல்லை.

தேசிய மருத்துவர் சங்கத்தின் பொதுக்குழு கூடியிருந்தது. அன்றைய தீர்மானத்தைத் தலைவரே எழுதியிருந்தார்: மருத்துவர் எவரும் தமக்கோ தம் குடும்பத்தாருக்கோ மருந்து எழுதலாகாது, உறுப்பினர் படிவத்தில் தம் மருத்துவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். பத்தாண்டுகளாகக் கிடப்பில் கிடந்த இத்தீர்மானம் இன்றாவது நிறைவேற வேண்டும் என்பதே அவருடைய தீராத ஆசை.

இரண்டு வரி படிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அது மூன்று வார இருமல். அவையிலிருந்த எழுபது மருத்துவர்களும் அதை நன்கறிவர். ‘இவ்வளவு பெரிய மனிதரை யாராவது பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்’ என்று எழுபது பேரும் எண்ணி, எழுபது பேரும் வாளாவிருந்தனர்.

செயலாளர் எழுந்தார். நுரையீரல் மருத்துவரான அவர், தலைவர் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவதைக் கடமையாகக் கொண்டவர்.

“தலைவரே, உங்க படிவத்துல டாக்டர் பேரே இல்லையே. இருமலுக்கு யார் மருந்து எழுதினாங்க?”

எழுதியவர் தலைவரேதான், இருமுறை மாற்றியும் எழுதியிருந்தார். அவருடைய கண்கள், இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்த குழந்தை மருத்துவரான தங்கையைத் தேடின.

“என்னைப் பாக்காதீங்கண்ணே! குடும்பத்துக்காரங்க கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க? அதுவுமில்லாம பன்னிரண்டு வயசுக்கு மேல நான் பாக்கறதில்ல. உங்க அடத்தைப் பாத்தா சேத்துக்கலாம்தான்!”

அவை கொல்லென்று சிரித்தது.

“பேர் இல்லாம ஓட்டுக்கு விட்டீங்கன்னா நாங்க எதிர்த்துத்தான் போடுவோம்” என்றார் செயலாளர்.

தலைவர் மனத்துக்குள் எழுபது முகங்களையும் புரட்டிப் பார்த்தார். தம்மை மகிழ்விப்பதற்காக ஒருபோதும் பொய் சொல்லாதவர் ஒருவரே. அவரோ எதிரே மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். பேனாவை எடுத்து அந்தப் பெயரை எழுதினார்.

“என்னைக் கேக்காமலேயா?”

“இப்பக் கேக்கறேன். பாப்பீங்களா?”

செயலாளர் முதன்முறையாக மறுக்காமல் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே தலைவரின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார்.

“வலது பக்கம் கீழே சத்தம் சரியில்ல. இன்னைக்கே எக்ஸ்ரே எடுக்கணும். அதுவரைக்கும் பேச்சைக் குறைங்க.”

“அது ஒண்ணுமில்ல, சாதாரண…”

“இங்க டாக்டர் நானா, நீங்களா?”

தலைவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அவர் நாற்பது நிமிட நன்றியுரையுடன் எழுந்தார். அவருடைய மருத்துவர் கையமர்த்தினார். அவை நெஞ்சார மகிழ, கூட்டம் பகல் 12 மணி 47 நிமிடத்துக்கு முடிவுற்றது.