புல்லியின் வெள்ளைக் கோடு

மூன்றாவது முறையாக எஞ்சினின் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பார்த்தாகிவிட்டது. டைமிங் விளக்கின் வெட்டொளியில், எஞ்சின் முன்னால் சுழலும் சக்கரமான புல்லியின் வெள்ளைக் கோடு முள்ளுக்கு நேரே அசையாமல் நின்றது. ஆனாலும், பிரித்துப் புதிதாகக் கட்டிய அந்தப் பழைய காரின் எஞ்சின் இருமியது. கொஞ்சம் ஓடினாலே புகைக்குழாய் சிவந்துபோனது.

"கோடு சரியா இருக்கு. அப்போ உள்ள கேம் பல்சக்கரம்தான். அதை அச்சுல பொருத்துற காடியை வெட்டினது யாரு, நீதானே?"

காலையில் மெக்கானிக் தன் மச்சானிடம் இப்படிச் சத்தமாகக் கேட்டபோது கார்க்காரரான பல் டாக்டரும் பக்கத்தில் இருந்தார். மச்சான், மெக்கானிக் மனைவியின் தம்பி, லேத் பட்டறைக்காரன்.

"அளந்துதான் வெட்டினேன் அத்தான்," என்றான்.

"பல்லு தள்ளியிருந்தா சொல்லுங்க, கம்பி கட்டிடலாம்," என்றார் டாக்டர். "சாயங்காலம் வர்றேன். லேத்துல தப்புன்னா வேற பட்டறைல குடுத்துடுவோம்."

இருவரும் போன பிறகு மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தார். எஞ்சின் முகப்பைத் திறக்குமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளத் தோன்றியது. முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையில் நீள ஸ்குரூடிரைவரை விட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினார். பிஸ்டனோடு ஸ்குரூடிரைவர் ஏறி உச்சியில் நின்றது. அப்போது முள்ளுக்கு நேரே வரவேண்டிய கோடோ முள்ளைவிட்டு ஒரு விரற்கடை தள்ளி இருந்தது.

புல்லி இரண்டு துண்டு; நடுவில் ரப்பர். கோடு இருப்பது வெளிவளையத்தில். கழற்றிய அன்று நடுப்பகுதி இறுகிக் கிடக்க, அவசரத்தில், கழற்றும் கருவியான புல்லரை வெளிவளையத்தில் மாட்டி இழுத்தது அவரேதான். ரப்பர் பிடிவிட்டு வளையம் திரும்பியிருக்கிறது.

யாரும் பார்க்கவில்லை. பொறியைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கைச் சரிக்கட்டிவிட்டு 'சரியாயிடுச்சு' என்றால் முடிந்தது. பழி மட்டும் மச்சான் தலையில் அப்படியே கிடக்கும்.

புதுக்கோடு போட்டு டைமிங்கைத் திருத்தினார். எஞ்சின் சீராக ஓடியது. மச்சானுக்குப் போன் போட்டுச் சாயங்காலம் வரச் சொன்னார்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். "லேத்துலதானா?"

"இல்ல சார். புல்லியைக் கழட்டுறப்ப நான் பண்ணின தப்பு. மச்சான் வேலை இம்மி பிசகல. புது புல்லி என் பொறுப்பு."

டாக்டர் மச்சானைப் பார்த்தார். மச்சான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அக்காகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க அத்தான். நான் சொன்னா நம்ப மாட்டா."

"சொல்றேன்டா."

"காலையில என்னைக் கேட்டீங்களே, அதே சத்தத்துல."