மாப்பிள்ளை கழற்றிய சட்டை

1

இது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம். கண்ணாடித் தொட்டி குளியலறை ஜன்னலடியில் இருந்தது என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டு, அப்பாவின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்று எழுதினேன். உறுதி செய்துகொள்ள அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மெஷின் பக்கத்துலதான். துணித் தூசி விழுதுன்னு நான் கத்துனது மறந்துபோச்சா? எதுக்குக் கேக்குற, எழுதுறியா?"

பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என் மௌனத்துக்கு ஆமாம் என்று பொருள்.

2

முதல் தொடக்கம்: 'கடல் என்னும் அந்த மாபெரும்...' இல்லை. இந்தக் கதையில் கடலே கிடையாது. ஒரு தொட்டி உப்புநீர்தான் இருக்கிறது.

இரண்டாவது: 'கடல் உயிரியல் என்பது கடலில் வாழும் உயிர்களைப் பற்றிய...' தூக்கம் வருகிறது.

மூன்றாவது: அக்கா கடல் உயிரியல் படிக்கச் சேர்ந்த முதல் வருடம், விடுமுறைக்கு ஆய்வகத்தைப் பூட்டியபோது, ஆளுக்கொரு நண்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதை உயிரோடு திருப்பிக் கொண்டுவருபவர்களுக்கு மட்டுமே நடுக்கடலுக்குப் போகும் படகில் இடம். அந்தப் படகுக்காகத்தான் அவள் அந்தப் படிப்பிலேயே சேர்ந்திருந்தாள்.

சரி, இதையே வைத்துக்கொள்வோம்.

3

நண்டுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் அப்பா.

"வேல வெட்டி கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பாடு. ஏதாச்சும் கேட்டா முறைக்கிறாரு. வேற என்ன பேர் வைக்கிறது?"

"எங்கப்பாவும் உங்களப் பத்தி இதேதான் சொல்லிட்டிருந்தாரு," என்றாள் அம்மா.

[இங்கே அப்பாவின் கண்டிப்பைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அவர் கண்டிப்பானவரே அல்ல. கதைக்கு வசதியாக இருக்குமே என்று சேர்த்திருந்தேன். எடுத்துவிட்டேன்.]

4

விடுமுறை முடியப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை சாப்பிட மறுத்தார். "ஏதோ கோபம்," என்றார் அப்பா. பிறகு ஒரு காலையில், வழக்கமாக ஒளிந்துகொள்ளும் கல்லுக்கு வெளியே அசையாமல் கிடந்தார். அக்கா பென்சிலால் தொட்டுப் பார்த்தாள். தொட்ட பக்கம் சாய்ந்தார்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். படகு போய்விட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. தையல் இயந்திரம் நின்றது.

(இந்த அமைதியை மூன்று பக்கம் எழுதியிருந்தேன். எனக்கு அமைதி பிடிக்கும். உங்களுக்காக இந்த ஒரு வரி.)

"தண்ணியக் கொட்டிட்டுத் தொட்டியக் கழுவி வெச்சிடும்மா," என்றாள் அம்மா.

அக்கா தொட்டியைத் தூக்கினாள். குளியலறை வாசல்வரை போனவள் கீழே வைத்துவிட்டாள்.

"செத்தது செத்தாச்சு. உள்ள எப்படி இருக்குன்னாவது பாத்துடுறேன்."

[முந்தைய வரைவில் உண்மையைக் கண்டுபிடித்தது நான். அக்கா அதைப் படித்துவிட்டு ஓரத்தில் 'பொய்' என்று எழுதினாள்.]

அவள் அதை உள்ளங்கையில் எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் பிளந்திருந்தது. உள்ளே சதை என்று ஒன்றுமே இல்லை. கால், கொடுக்கு, கண்ணின் மேலுறை எல்லாம் அச்சாக இருக்க, நண்டை மட்டும் காணோம். மூக்கருகே கொண்டுபோனாள். நாற்றமும் இல்லை.

"இது அவரில்ல," என்றாள் மெதுவாக. "அவரோட சட்டை."

கல்லைத் தூக்கினாள். அடியில், முன்னைவிடக் கொஞ்சம் பெரியவராக, இன்னும் ஓடு இறுகாமல், மாப்பிள்ளை.

அப்பா குனிந்து பார்த்தார். "அளவு பத்தலன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. பிரிச்சு விட்டிருப்பேனே."

5

முடிவு ஒன்று: அக்கா படகின் முனையில் நிற்கிறாள், கூந்தல் காற்றில்... எண்ணெய் விளம்பரம்.

முடிவு இரண்டு: மாப்பிள்ளையைக் கடலில் விடுகிறோம். எல்லோரும் அழுகிறோம். உண்மையில் யாரும் அழவில்லை.

"நடந்தத எழுதேன்டா," என்கிறாள் அக்கா.

நடந்தது இது. அந்தச் சட்டையைக் காயவைத்து அலமாரியில் வைக்க அவளுக்கு ஆசை. ஆனால் பாடப்புத்தகத்தைப் புரட்டியபோது, புது ஓடு இறுகுவதற்கு நண்டு பழைய ஓட்டையே தின்னும் என்று இருந்தது. திரும்பத் தொட்டியிலேயே போட்டாள். அவர் தின்றார். நான் கைவிட்ட வரிகளை மேலே அப்படியே போட்டு வைத்திருப்பதும் அதனால்தான்.

அக்கா படகில் போனாள். கரை கண்ணைவிட்டு மறையும் முன்பே வாந்தி எடுத்தாள். இப்போது அதே படகில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், இன்னும் வாந்தி எடுக்கிறாள். மாப்பிள்ளை ஆய்வகத்தில் மேலும் சில முறை சட்டை மாற்றினார். பிறகு உண்மையாகவே இறந்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த பிறகே அக்கா நம்பினாள். அம்மா இப்போதெல்லாம் எதையும் உடனே கொட்டச் சொல்வதில்லை. நான் இன்னும் குறைவாகவே பேசுகிறேன். அந்தத் தொட்டியில் அப்பா பொத்தான்களைப் போட்டு வைத்திருக்கிறார்.