எழுந்து போகிறவரைக் கூப்பிடுவதில்லை

எங்கள் கடைத்தெருவில் அவருக்குப் பெயர் 'கடைசி விலை'. ஜன்னல் திரைத் துணி விற்கிறவர். வாடிக்கையாளர் உட்காருவதற்குள், "கடைசி விலை சொல்றேன், கேட்டுக்குங்க" என்று ஆரம்பிப்பார். அது முதல் விலைதான் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், வாசலில் படுத்திருக்கிற பூனைக்கும் தெரியும். எனக்கு அவர் அக்காள் புருஷன். எதிர்க்கடை என்னுடையது: பொத்தான், ஜிப், நூல்.

விற்கும்போது அவருக்கு ஒரு விரதம் உண்டு. விலை படியாமல் எழுந்து போகிறவரைத் திரும்பக் கூப்பிடமாட்டார். "கூப்பிட்டுட்டா விலை நம்ம கையில இல்ல, மச்சான். அவன் கைக்குப் போயிடும்" என்பார். அதே ஆள் ஆலைக்குச் சரக்கு வாங்கப் போனால் கதை வேறு. பேச்சின் நடுவே எழுந்து செருப்பை மாட்டுவார். வாசற்படி தாண்டுவதற்குள் ஆலைக்காரன் "அண்ணே, வாங்க, பேசிக்கலாம்" என்று ஓடிவருவான். அந்தச் செருப்பு மாட்டுகிற வித்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. உண்மையாகவே போகிறவர் போல மாட்டுவார். "பாதி எழுந்தா வேலைக்கு ஆகாது. போறவன் போயே தீரணும். அப்பத்தான் கூப்பிடுவான்."

இந்த வித்தையை அவர் கடைசியாகப் பிரயோகித்தது பெற்ற மகளிடம்.

பாப்பா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவோம். கல்லாவுக்குப் பின்னால் தவழ்ந்து, துணிச் சுருளில் தலைவைத்துத் தூங்கி வளர்ந்தவள். படித்து முடித்து அப்பா கடைக்கே வந்தாள். வந்தவள், ஒரு காலை அவர் வருவதற்கு முன்பே ஒவ்வொரு சுருளிலும் விலைச் சீட்டு ஒட்டிவிட்டாள். ஒரே விலை, பேரம் இல்லை. அவர் வந்து பார்த்தார். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கிழித்து அவள் காலடியில் போட்டார். "விலை ஒட்டி விக்கிறதுக்கு நான் எதுக்கு? ஒரு சுவர் போதுமே!" என்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அப்பனிடம் கற்ற வித்தைதான். அப்பனும் தன் விரதப்படி கூப்பிடவில்லை.

வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். என் அக்காள் இருந்தவரை இரண்டு பக்கமும் போன் போட்டுப் பாலமாக இருந்தாள். அக்காளும் போய்விட்டாள். காரியத்துக்கு வந்த மகள் எல்லோரையும் கட்டிக்கொண்டு அழுதாள், அப்பாவை மட்டும் விட்டுவிட்டு. இவரும் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரை விலைக்குக் கேட்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஞ்சியது ஒரே ஒரு நூல். கடையில் இருந்த காலத்தில் கடைக்கென்று சமூக வலைத்தளத்தில் ஒரு கணக்கு தொடங்கி, அவருடைய போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். தினம் காலையில் ஒரு துணியைக் கம்பியில் தொங்கவிட்டுப் படம் எடுத்துப் போடச் சொல்லியிருந்தாள். அவள் போன பிறகும் அவர் அதை விடவில்லை. படம் போடுவார். டீ வரும். டீயைக் குடிக்காமல் போனையே பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் படத்துக்குக் கீழே ஒரு சிவப்பு இதயம் விழும். பாப்பா போட்டது. ஒரு சொல் இருக்காது, விசாரிப்பு இருக்காது, இதயம் மட்டும். அது விழுந்த பிறகுதான் ஆறிப்போன டீயைக் குடிப்பார். "வந்துடுச்சா அத்தான்?" என்று நான் எதிர்க்கடையிலிருந்து கேட்பேன். "எது?" என்பார். வியாபாரி அல்லவா, சரக்கு இருப்பதை எளிதில் காட்டமாட்டார்.

போன வாரம் ஒரு காலை, படம் போடுவதற்குப் பதிலாக என் கடைக்குள் வந்து போனை நீட்டினார். திரையில் பாப்பா சொந்தமாகத் திறந்த கடை. ஜன்னல் திரைத் துணிக்கடைதான். அழகாக அடுக்கிய சுருள்கள், ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு. நடுவில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே ஊரெல்லாம் வாழ்த்து.

"ஊருக்கே சொல்லியிருக்கா. எனக்குச் சொல்லல. வழியில போற வாடிக்கையாளன் மாதிரி நானும் படத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கிறேன்" என்றார்.

"நீங்க ஒரு இதயம் அமுக்கினீங்களா?"

"நான் எதுக்கு அமுக்கணும்? நான் அப்பன்."

"இத்தனை நாள்ல ஒருதடவையாவது அவ படத்துக்கு அமுக்கியிருக்கீங்களா அத்தான்?"

அவர் போனைத் தாழ்த்தினார். எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி முகம் சிறுத்திருந்தது. பிறகு சொன்னார்: "இந்தக் கணக்கை மூடு."

"மூடிட்டா அந்த இதயம் எங்க வந்து விழும்? இருக்கிறது ஒரே நூல். அதையும் அறுத்துட்டா?"

"அறுக்க எவன் சொன்னான்? நாளைக்குக் காலையில அவ பாக்கும்போது போன்ல கடை இருந்த இடத்துல கடை இருக்காது. பதறிப் போயி கூப்பிடுவா. நீ பாரு."

செருப்பை மாட்டுகிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"உன் கையால மூடு. பொத்தான் விக்கிறவன் நீதானே, அமுக்கத் தெரியாதா?"

தேடிப் பிடித்து, கணக்கை மூடுகிற இடத்துக்குப் போனேன். இரண்டு வழி காட்டியது. ஒன்று, தற்காலிகமாக முடக்குவது. வேண்டும்போது திரும்பத் திறந்துகொள்ளலாம். இன்னொன்று, நிரந்தரமாக நீக்குவது. படங்கள், அவற்றின் கீழே விழுந்தவை எல்லாம் போய்விடும்.

"தற்காலிகம் போதும் அத்தான். ஷட்டரைப் பாதி இறக்கின மாதிரி."

"பாதி எழுந்தவனை எவன் கூப்பிடுவான்? நிரந்தரம் போடு."

"படம் எல்லாம் போயிடும். அக்கா போனதுக்கு அப்புறம் கடை திறந்த அன்னிக்கு ஒரு வெள்ளைத் துணி போட்டீங்களே, அதுக்கு அவ போட்ட இதயமும் போயிடும்."

"போடு" என்றார். சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

போட்டேன். கடவுச்சொல் கேட்டது. அவருக்குத் தெரியாது. கணக்கைத் தொடங்கிய நாளில் பாப்பா தட்டிக் கொடுத்தது. அதன் பிறகு யாரும் கேட்டதில்லை. 'மறந்துவிட்டதா?' என்று இருந்த இடத்தை அமுக்கினேன். ஒரு குறியீட்டு எண்ணை அனுப்பியிருப்பதாகச் சொன்னது. எந்த போனுக்கு அனுப்பியது என்று அதன் கடைசி இரண்டு இலக்கங்களையும் காட்டியது. அவருடைய போன் இல்லை. பாப்பாவின் போன்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடையைப் பூட்டப் போனால் சாவி இறங்கிப்போனவளிடம்.

"இப்பக் கூப்பிடுவா" என்றார். குரலில் ஒரு துள்ளல். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செருப்பு மாட்டியவர் வாசற்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

போன் சிணுங்கியது. அழைப்பில்லை, குறுஞ்செய்தி. பாப்பாவிடமிருந்து. அவளுக்குப் போன அந்தக் குறியீட்டு எண் மட்டும். முன்னால் 'அப்பா' இல்லை, பின்னால் ஒரு கேள்வி இல்லை.

நாற்பது வருஷம் பேரம் பேசின முகத்தில் அப்படி ஒரு தோல்வியை நான் பார்த்ததில்லை. எழுந்து போகிறவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள் மகள்.

"எண்ணை அடிக்கவா?" என்றேன்.

"இரு."

இருந்தோம். அந்த எண்ணுக்குக் கொஞ்ச நேரம்தான் ஆயுள். காலாவதி ஆகிவிட்டது என்று திரை சொன்னது.

"இன்னொருதடவை கேளு" என்றார்.

கேட்டேன். மறுபடி எண் மட்டும் வந்தது. அதையும் அடிக்கவிடவில்லை. அதுவும் செத்தது. "இன்னொருதடவை." ஜிப் வாங்க வந்த தையற்காரர் நின்று நின்று பார்த்துவிட்டு, "என்ன, லாட்டரியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இவர் காதில் விழவில்லை. ஒவ்வொரு எண்ணும் வரும்போது அவர் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார். மகள் அவருக்கு எழுதியது அதுதான்.

பிறகு என்னுடைய போன் அடித்தது. பாப்பா. அவருக்குக் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டுக் கல்லாமேல் வைத்தேன்.

"மாமா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்காரு? எதுக்குத் திரும்பத் திரும்ப நம்பர் கேக்குறாரு?"

"நல்லா இருக்காரும்மா. கணக்கை மூடப் போறாராம்."

அந்தப் பக்கம் யாரோ துணி கிழிக்கிற ஓசை மட்டும் கேட்டது.

"தற்காலிகமாவா, நிரந்தரமாவா?"

"அதைத்தான் காலையிலருந்து பேரம் பேசிக்கிட்டிருக்காரு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மாமா, நான் கூப்பிடுவேன்னு உக்காந்திருப்பாரு. எனக்குத் தெரியும். நான் கூப்பிட மாட்டேன். எழுந்து போறவங்களைக் கூப்பிடாதேன்னு அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாரு. அன்னிக்கு நான் படி இறங்கினப்ப மெதுவாத்தான் இறங்கினேன், மாமா. அவருக்குத் தெரியும்."

எதிரில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு. நம்பர் கேட்டா அனுப்பிக்கிட்டே இருப்பேன். எத்தனை தடவை கேட்டாலும் அனுப்புவேன். அவர்கிட்டச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள்.

அவர் தன் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தெருவைக் கடந்து தன் கடைக்குப் போனார். அன்று வந்த வாடிக்கையாளர்களிடம் கடைசி விலையும் சொல்லவில்லை, முதல் விலையும் சொல்லவில்லை. "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை என்னிடம் வந்து ஒட்டுச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். பொத்தான் அட்டைகளில் ஒட்டுகிற சின்னச் சீட்டுதான் இருந்தது. ஒன்று வாங்கிப் போனார். நீல நிறத் துணி ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டார். ஓரத்தில் சீட்டை ஒட்டி, அதில் மீட்டர் விலையைத் தன் கையால் எழுதினார். கோணல்மாணலான எழுத்து. படம் எடுத்துப் போட்டார். அதற்குப் பிறகு இன்னொரு காரியமும் செய்தார். பாப்பாவின் கடைப் படத்தைத் தேடி எடுத்து, விரலைத் துடைத்துக்கொண்டு, ஒருமுறை அமுக்கினார்.

டீ வந்தது, ஆறியது. இதயம் விழவில்லை. நான் என் கடையை விட்டுவிட்டு அங்கே போய் நின்றுகொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் துணியைப் பார்த்தேன்.

போன் அசைந்தது. படத்துக்குக் கீழே பாப்பாவிடமிருந்து எழுத்து. அவள் போன நாளிலிருந்து அங்கே எழுத்து விழுந்ததே இல்லை.

'விலை ஜாஸ்தியா இருக்கே. கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?'

அவர் அதை இரண்டு மூன்று முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. நான் கையை நீட்டினேன், எழுதித் தருகிறேன் என்று. "வேணாம்" என்று ஒரே விரலால் எழுத்தெழுத்தாக அடிக்கத் தொடங்கினார். 'நீயே ஒரு விலை சொல்லு.' அவர் வாயிலிருந்து எந்த வாடிக்கையாளரும் கேட்டிராத வாக்கியம்.

அதற்குள் ஓர் அம்மாள் உள்ளே வந்து நீலத் துணியைத் தடவிப் பார்த்தார். யாரும் கவனிக்காததால் உதட்டைப் பிதுக்கி, "சரி, நான் வரேன்" என்று திரும்பினார்.

இவர் தலை நிமிரவில்லை. விரல் திரையிலேயே இருந்தது.

"போகாதீங்கம்மா, உக்காருங்க" என்றார். "என் பொண்ணுகிட்ட விலை பேசிக்கிட்டிருக்கேன்."