கவ்வாத்து மலையில் விழுந்த சப்பாத்து

சாக்குப் பையை அவிழ்த்துச் சப்பாத்தை வெளியே எடுத்த வேலாயி அதை அடுப்பு வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தாள். வலது கால் சப்பாத்தின் மூக்கில் நீள நீளமாகக் கீறல். தவிட்டு நிறத் தோல் பிளந்து, உள்ளேயிருந்து வெளிறிய நார் எட்டிப் பார்த்தது.

ஹந்தானை மலையில் இன்னும் சரியாக விடியவில்லை. தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அழைக்கிற தப்பு இன்னும் அடிக்கவில்லை. வரிசை வீடான லயத்தில், அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அடுப்புப் புகை மட்டும் எழுந்து, வெளியே போக வழியில்லாமல் கூரைக்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்தாங்க, எந்திரிங்க. என்னாங்க இது?"

அவள் புருசன் ராஜலிங்கம் கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே இழுத்துக்கொண்டான்.

"நேத்தே சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ கஞ்சி குடிக்காமப் படுத்துருவியேன்னு சொல்லல."

"இப்ப மட்டும் குடிச்சிருவேனாக்கும்!"

நடந்தது என்னவென்று கேளுங்கள், கண்ணுகளா. வேலாயி கொழுந்து பறிக்கிறவள். அவள் பேருக்குக் கொடுத்த காம்பரா அது. ராஜலிங்கத்துக்கு மட்டும் கண்டி டவுனில், வெள்ளைக்காரர்கள் துணிமணி வாங்குகிற பெரிய கடையொன்றில் துணி அளந்து மடிக்கிற வேலை கிடைத்திருந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் சப்பாத்துப் போட்டாக வேண்டும். காலையில் மானேஜர் துரை பின்வாசலில் நின்று ஒவ்வொருவர் காலையும் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். தோட்டத்திலோ லயத்து ஆள் சப்பாத்துப் போட்டு நடக்கக் கூடாது. எந்தப் பலகையிலும் எழுதி வைத்ததில்லைதான். ஆனாலும் பெரிய துரையின் குதிரை வந்தால் குடையை மடக்கி, தலைத்துண்டை அவிழ்த்து, வடிகானுக்குள் இறங்கி நிற்கிற இடத்தில் எவன் சப்பாத்தோடு நிற்பான்?

ஆகையால் தோட்ட எல்லையிலுள்ள தண்ணீர்ப் பீலி வரைக்கும் வெறுங்கால், சப்பாத்து பையில். பீலியில் காலைக் கழுவித் துடைத்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்குவான். வேலைவிட்டுப் போன ஒரு கிளாக்கர் போட்டுக் கழித்தது அது. நுனியில் பழந்துணி அடைத்தால்தான் காலில் நிற்கும். கொஞ்ச நாள் பீலிக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் வைத்துவிட்டும் வந்து பார்த்தான். கடைக்காரருடைய மச்சான் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கே போய் ஆடிவிட்டு வந்தான். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

நேற்று அந்தியில் பையோடு ஏறி வரும்போது வளைவில் குதிரைச் சத்தம் கேட்டிருக்கிறது. பதறிப்போய்ப் பையைத் தேயிலைக்குள் வீசிவிட்டான். அது புதிதாகக் கவ்வாத்து வெட்டிய மலை. செடியையெல்லாம் முழங்கால் உயரத்துக்குக் கத்தியால் சீவி விட்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒவ்வொரு கிளைவாதும் ஈட்டிமுனை. அதன்மேல் போய் விழுந்தது பை.

மானேஜர் துரை ஏற்கெனவே ஒருநாள், சேறு ஒட்டியிருக்கிறதென்று அவனைத் திருப்பி அனுப்பியவர். இன்னொரு தடவை இப்படி வந்தால் வரவே வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

போனால் போகட்டும் வேலை என்று சொல்ல வேலாயியால் முடியாது. மூலையில் படுத்திருந்த பிள்ளை பாலம்மாவுக்கு நெஞ்சு கீச்சுக் கீச்சென்று இழுத்தது. பால்குடி மறந்த நாளிலிருந்தே அந்த இழுப்பு. "புகைக்குள்ள வச்சிருந்தா இந்தப் புள்ள தங்காது" என்று தோட்டத்து மருந்தையா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். காம்பராவில் ஒரு கதவு உண்டு, சன்னல் கிடையாது. அடுப்பும் அதற்குள்தான். டவுன் கடைக்குப் பின்னால் வேலையாட்களுக்கென்று கட்டிய அறைகளில் ஒன்றை ராஜலிங்கத்துக்குத் தருவதாகப் பேச்சு. அந்த அறையில் சன்னல் இருக்கிறது. வேலாயி அதைப் பார்த்ததில்லை. ஆனாலும் படுக்கும்போதெல்லாம் அதைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொள்வாள்.

"எந்திரிங்க. நான் பாக்கிறேன்" என்றாள்.

பார்த்தாள். பித்தளைச் செம்பில் கறை பிடித்தால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தாள். செம்பு பளபளக்கும், தோல் பளபளக்குமா? கீறல் அப்படியே இருக்க, சுற்றியிருந்த மினுக்கமும் போய், சப்பாத்தின் மூக்கு சொறி பிடித்தது போலாகிவிட்டது.

ராஜலிங்கம் தலையில் கைவைத்துக் குந்திவிட்டான். "முடிஞ்சிச்சு. கீறலோடயாவது போயிருக்கலாம்."

வேலாயி சப்பாத்தைக் கீழே வைத்தாள். என் கையாலேயே பிள்ளையின் சன்னலை அடைத்துவிட்டேனே என்று நினைத்தாள். சாம்பல் படிந்த விரல்களைச் சேலையில் துடைத்தாள். சாம்பல் போயிற்று. அதற்கு அடியிலிருந்த கொழுந்துக் கறை போகவில்லை. எந்தச் சோப்புக்கும் போகாத தவிட்டுக் கறை, கொழுந்து பறிக்கிறவர்கள் எல்லாருடைய விரலிலும் இருப்பது. சப்பாத்தைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். எழுந்து லயத்துக்குப் பின்னால் ஓடினாள்.

துரை வீட்டுத் தேயிலையைத் திருடுவது குற்றம். அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. ஒரு பிடி இலையை உருவி வந்து அம்மியில் நசுக்கினாள். நீட்டிக்கொண்டிருந்த நாரைக் கரண்டியின் முதுகால் அழுத்திப் படிய வைத்து, சாற்றைக் கீறலுக்குள் விட்டாள். முதலில் பச்சையாகத்தான் இருந்தது. மறுபடியும் விட்டாள். ஊதினாள். காற்றுப் படப்பட மெல்ல மெல்லக் கறுத்து, தோலின் நிறத்துக்கே வந்தது. ஆனால் பள்ளம் பள்ளமாகவே இருந்தது. மினுக்கமும் இல்லை.

"மெழுகு வேணும்" என்றாள்.

அடுத்த காம்பரா யோசப்பின் என்கிறவளுடையது. கிறிஸ்தவ வேதக்காரி. அவளிடம் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுதிரி ஒன்று இருந்தது. வீட்டில் யாராவது சாகப்போகிற நேரத்தில் ஏற்றி, அவர்கள் கையில் பிடிக்க வைப்பதற்கான திரி. அவளுடைய மாமியார் மூலையில் இழுத்துக்கொண்டு கிடந்தாள்.

"யோசப்பினக்கா, கேக்கக் கூடாததைக் கேக்கிறேன்..."

கேட்டுவிட்டு யோசப்பினுடைய முகத்தையே பார்த்தாள். அவளோ பாலம்மா மூச்சிழுக்கிற சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ நாளாய்க் கேட்டவள். அரிவாள்மணையை எடுத்துத் திரியின் அடியை நறுக்கினாள்.

"அடிக்கட்டைய நீ எடுத்துக்கோடி. எங்க மாமி சாகிறதுக்கு மேல்பாதி போதும். அதுக்கும் மேல இழுத்தாங்கன்னா இருட்டுல போகட்டும்."

மூலையிலிருந்து கிழவியின் குரல் வந்தது. "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கேளுங்க, கேளுங்க. புண்ணியத்துல பாதி ஒங்களுக்கு."

தேன்மெழுகு. அடுப்போரம் காட்டி இளக்கி, கட்டைவிரலால் கீறலுக்குள் அழுத்தி நிரப்பி, பழைய சேலைத் துணியால் தேய் தேய் என்று தேய்த்தாள். சப்பாத்தின் மூக்கு கண்ணைத் திறந்தது போல மினுங்கிற்று. ராஜலிங்கம் பையை நீட்டினான்.

"பையில போட்டா மெழுகு ஒரசிப் போயிரும். இன்னொரு தடவை வீசினா அவ்வளவுதான்" என்றாள் வேலாயி. "கால்ல போடுங்க."

"இங்கயா? ஒனக்கென்ன பைத்தியமா புள்ள? தொரை பாத்தா?"

"கடைத் தொரை பாத்தா?"

அவன் குந்திச் சப்பாத்தை மாட்டினான். பாருங்கள், கண்ணுகளா. இரண்டு துரைக்கு நடுவே ஒரு சோடிச் சப்பாத்து. அவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது.

தப்புச் சத்தம் கேட்டது. கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலாயி முன்னால் நடந்தாள். தன் சேலை மறைவில் அவன் கால் தெரியாமல் போகட்டும் என்று அகலமாக, ஆடி ஆடி நடந்தாள். பெரட்டுக் களத்தைத் தாண்டிவிட்டார்கள். எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், அதே வளைவில், பனிக்குள்ளிருந்து குதிரை வந்தது. பக்கத்தில் கங்காணி காளிமுத்து ஓடி வந்தார்.

ராஜலிங்கம் பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தான்.

"குனியாதீங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

குதிரை நின்றது. பெரிய துரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலை மட்டும் பார்த்தார். சப்பாத்து நன்றாகவே மினுங்கிற்று. கங்காணியிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினார்.

காளிமுத்து கங்காணிக்கு மூச்சு வாங்கியது. "என்னாடா கால்ல? நீ தொரையா, அவரு தொரையா? ஏம்மா வேலாயி, ஒனக்காவது புத்தி வேணாம்? அந்திக்குள்ள காம்பரா காலியா இருக்கணும். தோட்டத்துல ஒம் பேரையும் வெட்டியாச்சு."

"ஐயா, புள்ளைக்குச் சொகமில்ல..."

"எங்கிட்டச் சொல்லி என்னா செய்ய? என் காலையும் பாரு." கங்காணியும் வெறுங்காலோடுதான் நின்றார்.

ராஜலிங்கம் நகராமல் நின்றான். வேலாயிதான் அவனைத் தள்ளிவிட்டாள். "நேரமாகுது, போங்க. இதுவும் போயி அதுவும் போச்சுன்னா எங்க நிக்கிறது?"

பானை, சட்டி, கம்பளி எல்லாம் ஒரு சாக்குக்குள் அடங்கிவிட்டன. பீலி வரைக்கும் அதை யோசப்பின் தூக்கி வந்து வைத்தாள். பிள்ளையின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பினாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. கூடையைப் பிள்ளைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தபடி வேலாயி டவுன் பாதையையே பார்த்திருந்தாள். மதியத்துக்கு முன் அவன் வந்தால் வேலை போய்விட்டதென்று அர்த்தம். யாராவது ஏறி வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள்.

மதியம் போனது. அந்தியில்தான் அவன் வந்தான். அவள் முதலில் காலைத்தான் பார்த்தாள்.

"என்னா சொன்னாரு?"

"குனிஞ்சு பாத்தாரு. 'மெழுகு வாசம் வருதே, கோயிலுக்குப் போய்ட்டு வர்றியா'ன்னாரு. ஆமாங்கன்னேன்."

"அப்பறம்?"

"உள்ள போன்னாரு."

வேலாயிக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. "அறை?"

"மாசம் முடியணுமாம். காவக்காரரு கையக்கால புடிச்சுக் கேட்டேன். சாமான் பெட்டி அடுக்கிற கொட்டில்ல படுத்துக்கச் சொன்னாரு. விடியமுந்தி எந்திரிச்சு ஒளிஞ்சுக்கணும்."

"செவரு இருக்கா?"

"மூணு பக்கம் இருக்கு."

"நாலாவது?"

"இல்ல."

"அப்ப அதுதான் சன்னல்" என்றாள்.

அவன் பீலிக்குக் கீழே காலை நீட்டி, பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றப் போனான். "கழட்டாதீங்க. இனி அந்தப் பக்கம் போகப்போறதில்ல" என்று சொல்லும்போதே பார்த்துவிட்டாள். மழையில் நடந்து நடந்து ஒரு கீறலில் மெழுகு விட்டுப்போய், நார் மறுபடியும் எழும்பியிருந்தது. நாளைக் காலையிலும் பின்வாசலில் துரை நிற்பார். நாளை மறுநாளும் நிற்பார்.

பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காலையில் அதில் முடிந்து வைத்த மெழுகு நகத்தளவுதான் மிஞ்சியிருந்தது. ஈர ரோட்டில் மண்டியிட்டு, வாயால் ஊதி ஊதி அதை இளக்கினாள். தலைக்கு மேலே பிள்ளையின் நெஞ்சு இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அசையாம நில்லுங்க" என்றாள்.