துதிக்கை முனையில் ஒரு கை

துப்பாக்கியிலிருந்து பாய்ந்த மயக்க ஊசி தொடையில் குத்தியதும் யானை பேகம் ஒருமுறை சிலிர்த்தது, நகரவில்லை. முன்கால்களுக்கு நடுவே அதன் பாகன் மீரா உசேன் உயிரற்றுக் கிடந்தார். விடிகாலையில் தீனி வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த இடம். நான்கு மணி நேரமாக யானை யாரையும் அண்டவிடவில்லை. பேராவூரணிக்காரர்கள் பாதிப் பேர் தோப்பு வேலியோரம் நின்றார்கள்.

"காலையில ஏதாச்சும் தின்னுச்சாம்மா?" கால்நடை டாக்டர் நாகநாதன் கேட்டார்.

"அத்தா அண்டா நெறைய சோறு வச்சாங்க. காலி," என்றாள் மகள் அஃப்ரீன்.

"போச்சு. வயிறு முட்டத் தின்னுட்டு நெஞ்சு தரையில அழுந்தப் படுத்துச்சுன்னா மூச்சு விட முடியாது. அது எடையே அத நசுக்கிடும். நின்னாப் பொழச்சோம்."

துதிக்கை தொங்கியது. கண் பாதி மூடியது. அஃப்ரீன் யாரையும் கேட்கவில்லை. குனிந்து வயிற்றுக்கடியில் போனாள். தலைக்குமேல் கூரைபோல உடம்பு. அதற்குள் எங்கோ இதயம், அவசரமே இல்லாமல், உலக்கை போல இடித்தது. ஒரு கணம் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது. பிறகு அத்தாவின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள்.

கயிற்றுக்கட்டிலில் கிடத்தி நான்கு பேர் தூக்கினார்கள். வேலியைத் தாண்டுமுன் தரை அதிர்ந்தது. பேகம் நெஞ்சு தரையில் அழுந்த விழுந்திருந்தது.

"பக்கவாட்டுல சாய்க்கணும்! எல்லாரும் வாங்கய்யா!" டாக்டர் கத்தினார்.

"தூக்குன மய்யத்தக் கீழ வைக்கக் கூடாது," கட்டிலைச் சுமந்த மீரா உசேனின் தம்பி ஜாஃபர் சாதிக் தயங்கினார்.

"வைங்க சாச்சா. இது செத்துச்சுன்னா அத்தா எந்திரிச்சு வந்து ஒதைப்பாரு."

கட்டில் இறங்கியது. யானையின் காலில் வடத்தைக் கட்டி முப்பது பேர் பிடித்தார்கள். மூன்றாவது இழுப்பில் அந்தப் பெரிய உடம்பு புரண்டது.

டாக்டர் காது நரம்பில் மயக்கம் தெளிய மாற்று ஊசி ஏற்றினார். அஃப்ரீன் துதிக்கை முனையில் உள்ளங்கையை வைத்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமேயில்லை. பிறகு சூடாக, ஈரமாக, சோற்று வாசனையோடு காற்று முழங்கைவரை ஏறியது. முக்காடு பறந்தது.

"கைய எடுத்துறாத. மூச்ச எண்ணிக்கிட்டே இரு." என்றார் டாக்டர்."

பின்னால் அத்தாவின் கட்டில் மறுபடி எழுந்தது. தூக்கிப் போனவர்கள் ஓதிய கலிமாச் சத்தம் வேலியைத் தாண்டி, சாலையில் இறங்கித் தேய்ந்தது. அவள் திரும்பவில்லை.

"எத்தனம்மா?"

"அஞ்சு," என்றாள்.